கோயில் ஏற்றத்தில் நாலு குதிரை குறைவு

கீழ் டிவிசன், கலவான
1999 மார்ச் 7

மஹ்ரூப் மச்சானுக்குக் கன்னையா எழுதுவது.

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. நீ சார்ஜாவில் சுகமாகத்தான் இருப்பாய். நேராகக் கேட்கிறேன். ஸ்ரீதரன் லொறிக்கு நீ போட்ட எஞ்சின் எது, என் லொறிக்குப் போட்ட எஞ்சின் எது? இரண்டும் ஒரே கொண்டெய்னரில் ஜப்பானிலிருந்து வந்த ஒரே சாதி எஞ்சின் என்று மாவனல்லையில் உன் கராஜில் வைத்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாய். பிறகு எப்படி அவன் லொறி என் லொறியை விட முந்தி ஏறுகிறது?

உனக்கு இடம் தெரியும். கோயிலடியிலிருந்து தேயிலை அரைக்கிற ஸ்டோர் கேட் வரைக்கும் வளைவே இல்லாத அந்த நேர் ஏற்றம். நான் நம்ம பொம்பளைகள் பறித்து, கீழ் டிவிசன் மடுவத்தில் நிறுத்துப் போடுகிற கொழுந்தை ஏற்றிக்கொண்டு வருகிறேன். அவன் ஆத்துக்கு அந்தப் பக்கம் சிங்கள ஆட்களின் சின்னத் தோட்டங்களில் வாங்குகிற கொழுந்தை ஏற்றிக்கொண்டு வருகிறான். இரண்டு பேர் நிறைச் சிட்டையிலும் இரண்டாயிரம் கிலோ. வெறும் லொறி இரண்டும் மூவாயிரம் கிலோ. ஆனால் அவன் விசிலடித்துக்கொண்டு ஏறுகிறான், நான் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். அவன் லொறிக்குப் பின்னால் "பார்த்து எரியாதே" என்று எழுதி வைத்திருக்கிறான். ஏற்றம் முடிகிற வரைக்கும் நான் அதையே படித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வயிறு எரிகிறது மச்சான், மறைக்க மாட்டேன்.

இது வெறும் ரோசம் இல்லை. வருகிற ஜனவரியிலிருந்து தோட்டத்துக்கு ஒரே ஒரு லொறிதான் என்று துரை சொல்லிவிட்டார். கொழுந்து சூடேறுமுன் எது ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அது நிற்கும், மற்றது போகும். பதினோரு வருஷமாக இந்தத் தோட்டத்துக்கு ஓடுகிறேன். நேற்று வந்த பொடியன் என்னைத் துரத்தப் போகிறான்.

வீட்டுக்கு வந்தால் பிரேமலதா ஒரு பக்கம். பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால்தானே ஒரு நாள் பேர்? இவளுக்குப் பதினைந்து, பதினாறு என்றுதான் விழுகிறது. அரைப்பேர் போட்டு, அரை நாள் சம்பளத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். "தராசுல வெட்டுறானுங்க" என்று தினமும் புலம்பல். நேற்று எனக்கு இருந்த எரிச்சலில், "ஒன் கையும் என் லொறியும் ஒண்ணுதான்டி, ரெண்டுக்கும் பவர் இல்ல" என்று சொல்லிவிட்டேன். சோற்றை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

எஞ்சினைப் பற்றி உண்மையை எழுது.

கன்னையா

*

சார்ஜா
1999 மார்ச் 29

மச்சான் கன்னையா,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். என்னைக் கள்ளன் என்று எழுதுவதற்கு முத்திரை ஒட்டின முதல் ஆள் நீதான்.

கேள். அந்தக் கொண்டெய்னரில் வந்தது ஆறு எஞ்சின். அதில் ஒன்றை என் சொந்த வேனுக்கென்று கழுவித் துடைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். அதைத்தான் உனக்குப் போட்டேன். வீட்டில் ஹபீலாவிடம் கேட்டுப்பார், "வேனுக்கு வச்சதத் தூக்கிக் கூட்டாளிக்குக் குடுத்திட்டீங்களா" என்று ஒரு கிழமை என்னோடு சண்டை பிடித்தாள். ஸ்ரீதரனுக்குப் போனது மிச்சம் இருந்ததில் ஒன்று. அதுவும் பிழையில்லை.

இங்கே நான் வேலை செய்கிற கராஜில் ஒரு மெஷின் இருக்கிறது. நிலத்தில் இரும்பு உருளை. அதன் மேல் வாகனத்தின் பின் சில்லை ஏற்றி, சங்கிலி போட்டுக் கட்டி, முழுசாக மிதித்தால் எத்தனை குதிரை என்று கடதாசி வரும். பணக்காரப் பொடியன்கள் மணலில் ஓட்டுகிற பிக்கப்களைக் கொண்டு வருவார்கள். பெரிய எஞ்சின், தகரத்தைக் கிழித்து வெளியே விட்ட புகைக் குழாய். "நானூறு குதிரை" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான். கடதாசியில் இருநூற்றுத் தொண்ணூறு. உடனே மெஷின் பிழை. அடுத்தவனுக்கு முந்நூறு வந்துவிட்டால் மெஷினும் பிழை, நானும் பிழை. போன கிழமை ஒருத்தன் கடதாசியைக் கசக்கி என் முகத்தில் எறிந்தான். உன் கடிதமும் எனக்கு அப்படித்தான் வந்தது.

மெஷின் இல்லாமலும் ஒரு குத்து மதிப்புக் கணக்கு இருக்கிறது. லொறியும் சுமையும் சேர்ந்த மொத்த நிறையை இறாத்தலில் எடு. ஏறின உயரத்தை அடியில் எடு. இரண்டையும் பெருக்கு. ஏற எடுத்த செக்கனால் வகு. வந்ததை ஐந்நூற்றைம்பதால் வகு. அவ்வளவு குதிரை மலை ஏறுகிறது. உயரம் ஒப்பீஸ் சுவரில் தொங்குகிற வரைபடத்தில் இருக்கும். இரண்டு லொறிக்கும் பார்த்து எழுது.

இன்னொன்று. டெலிபோனில் என் சின்ன மகள் பர்ஸானா, "லொறி மாமா வந்தாரு, பனிஸ் கொண்டு வந்தாரு" என்றாள். நான் யாரென்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "துபாய்ல ஈக்கிற ஆள்" என்றாள். நீ என் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவது எனக்கு உதவிதான். ஆனால் அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த பொறாமையை எந்த மெஷினிலும் ஏற்ற ஏலாது.

மஹ்ரூப்

*

கீழ் டிவிசன்
1999 ஏப்ரல் 25

மச்சான்,

பர்ஸானாவுக்கு இனிமேல் பனிஸ் கொடுக்கும்போது வாப்பா அனுப்பினது என்றே சொல்கிறேன். அதை விடு.

கணக்குப் பார்த்தேன். வரைபடத்தில் கோயில் அறுநூற்றிருபது அடி, ஸ்டோர் ஆயிரத்திருபது அடி. நானூறு அடி ஏற்றம். லொறியும் கொழுந்தும் ஐயாயிரம் கிலோ, அதாவது பதினோராயிரம் இறாத்தல். பக்கத்து லயத்து வீட்டு முத்துவீரனிடம் கடிகாரத்தைக் கொடுத்து கிளீனர் சீட்டில் உட்கார வைத்தேன். ஆறு நாள் பார்த்தோம். ஒரு நாள் நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் செக்கன், ஒரு நாள் இருநூற்றிரண்டு. சராசரி இருநூறு. கணக்குப் போட்டால் நாற்பது குதிரை.

ஸ்ரீதரனைக் கோயில் பக்கத்தில் மறைந்து நின்று பார்த்தேன். பூசாரி, "என்ன கன்னையா, சாமிகிட்ட வேண்டுதலா" என்று கேட்டார். ஆமா என்றேன். அவன் நூற்றெண்பது செக்கனில் ஏறிவிட்டான். நாற்பத்து நாலு குதிரை.

நாலு குதிரை குறைவு. நீயே சொல்லிக்கொடுத்த கணக்குத்தான், நீயே பார்த்துக்கொள். வேனுக்கு ஒதுக்கி வைத்த எஞ்சினாம்! ஒதுக்கி வைத்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. நல்லதை அவனுக்குக் கொடுத்துவிட்டு, கதையை எனக்குக் கொடுத்திருக்கிறாய். துரை முந்தாநாள் ஸ்டோர் வாசலில் நின்று அவன் தோளில் தட்டினார். என் பக்கம் திரும்பவேயில்லை.

கன்னையா

*

சார்ஜா
1999 மே 18

கன்னையா,

மச்சான் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது மதிப்பு. மதிப்பு வேறு, அளவு வேறு. மதிப்பில் நீ போடுகிற எல்லாம் சரியாக இருந்தால்தான் விடை சரி. நிறை பிழைத்தாலும் விடை பிழை, உயரம் பிழைத்தாலும் விடை பிழை. அதை வைத்துக்கொண்டு இருபது வருஷக் கூட்டாளியைக் கள்ளனாக்கிவிட்டாய்.

பேலியகொடையில் ரேஸ் கார் செய்கிற ஒரு பாஸ் இருக்கிறார். நான் முன்பு அவரிடம் வேலை பழகினேன். அவரிடம் உருளை மெஷின் இருக்கிறது. என் பேரைச் சொல், ஏற்றிப் பார்ப்பார். அளந்து பார்த்து, எஞ்சின் சொத்தை என்று கடதாசி வந்தால், நான் ஊருக்கு வரும்போது அந்த வேனையே உன் வாசலில் கொண்டுவந்து விடுகிறேன். நல்லது என்று வந்தால் நீ என்ன செய்யப் போகிறாய் என்பதையும் இப்போதே யோசித்து வை.

மஹ்ரூப்

*

கீழ் டிவிசன்
1999 ஓகஸ்ட் 15

மஹ்ரூப் மச்சான்,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், போகப் பயந்தேன். உன் பேச்சு பொய் என்று வந்தாலும் எனக்கு நட்டம், உண்மை என்று வந்தாலும் நான் உன் முகத்தில் விழிக்க முடியாது. கடைசியில் ஓகஸ்ட் முதல் கிழமை போனேன்.

அவிசாவளை தாண்டிச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். கலவானையிலிருந்து வெறும் லொறியோடு ஒரு தமிழன் கொழும்புக்கு எதற்கு என்று ஆமிக்காரன் கேட்டான். எனக்குத்தான் சிங்களம் தண்ணிபட்ட பாடாச்சே, எஞ்சினை அளக்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். "எஞ்சிம மனின்ன யனவாலு!", எஞ்சினை அளக்கப் போகிறானாம் என்று ஒருத்தன் மற்றவனிடம் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தாலும் இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்துத்தான் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பாஸ் நல்ல மனுஷன். உன் பேரைச் சொன்னதும் பிளேன்டி வந்தது. பின் சில்லை உருளையில் ஏற்றி, சங்கிலி போட்டு, "மிதி" என்றார். லொறி நின்ற இடத்திலேயே காட்டுக் கத்தல் கத்தியது. மூன்று தரம் பார்த்தார். சில்லில் ஐம்பத்தாறு குதிரை. இந்த வயசு எஞ்சினுக்கு இதற்கு மேல் கேட்கக் கூடாது என்றார்.

இனிமேல்தான் கதை. பாஸ் கடதாசியைக் கையில் கொடுத்துவிட்டு, "கலவானப் பக்கத்துல என்ன, எல்லாருக்கும் பைத்தியமா? போன மாசமும் ஒருத்தன் வந்து அளந்துட்டுப் போனான்" என்றார். புத்தகத்தைப் பார்த்தேன். ஸ்ரீதரன்! அவனும் எனக்குத் தெரியாமல் வந்திருக்கிறான். அவனுக்கும் எங்கேயோ எரிந்திருக்கிறது. அவன் லொறி ஐம்பத்தைந்து. என்னை விட ஒன்று குறைவு மச்சான், ஒன்று குறைவு! திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுத்தான்.

உன்னை நான் பேசினது பேசினதுதான். அள்ள முடியாது. மன்னித்துக்கொள் என்று எழுதிவிடுகிறேன், அதற்கு மேல் உன் இஷ்டம்.

ஆனால் மறுநாள் கோயில் ஏற்றத்தில் மறுபடியும் இருநூறு செக்கன். அவன் நூற்றெண்பது. ஒரு குதிரை கூடுதலாக இருந்தும் நான் ஏன் பின்னால் நிற்கிறேன்?

கன்னையா

*

சார்ஜா
1999 செப்டெம்பர் 6

மச்சான்,

மன்னித்தேன் என்று உடனே எழுத எனக்கு ஆசைதான். பாதி மன்னித்தேன். மிச்சப் பாதியை ஊருக்கு வந்து நேரில் இரண்டு பேசு பேசிவிட்டுத் தருகிறேன்.

மெஷினில் ஐம்பத்தாறு, ஏற்றத்தில் நாற்பது என்று குழம்பாதே, கொஞ்சம் ரோட்டிலும் காற்றிலும் போய்விடும். எஞ்சின் இரண்டும் ஒன்றே. ஏற்றமும் ஒன்றே. கடிகாரமும் ஒன்றே. அப்படியென்றால் மிஞ்சி இருப்பது சுமை மட்டும்தான். மெஷினில் சுமை இல்லை, அங்கே நீ முந்தினாய். ஏற்றத்தில் சுமை இருக்கிறது, அங்கே நீ பிந்துகிறாய்.

ஒரு வேலை செய். தோட்டத்துக்கு உரம் வரும்தானே. மூட்டை ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ, வாய் தைத்து வரும். பொய் சொல்ல ஏலாத சுமை அதுதான். நாற்பது மூட்டை ஏற்றினால் இரண்டாயிரம் கிலோ. அதை ஏற்றிக்கொண்டு கோயில் ஏற்றத்தில் ஏறிப் பார்த்து எழுது. நீயாக ஒன்றையும் முடிவு கட்டாதே, உனக்கு அந்தப் பழக்கம் கூடுதல்.

மஹ்ரூப்

*

கீழ் டிவிசன்
1999 ஒக்டோபர் 10

மச்சான்,

நாற்பது மூட்டை. எண்ணி ஏற்றினேன். நூற்றெண்பத்தொரு செக்கன்! முத்துவீரன் கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்துக் காதில் வைத்துப் பார்த்தான். மறுநாளும் நாற்பது மூட்டை, நூற்றெண்பது. அதே லொறி, அதே கால், அதே மிதி.

அதற்கு அடுத்த நாள் கொழுந்து ஏற்றினேன். சிட்டையில் இரண்டாயிரம். இருநூற்றொரு செக்கன்.

உரம் லேசாகவும் கொழுந்து பாரமாகவும் போகிற அதிசயம் எங்கே இருக்கிறது? காற்று பிடிக்கிறதா, சாக்குக் கட்டுவது பிழையா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துரை தீபாவளிக்குப் பிறகு முடிவு சொல்வார் என்று பேச்சு. சீக்கிரம் எழுது.

கன்னையா

*

சார்ஜா
1999 ஒக்டோபர் 27

மச்சான்,

உனக்கு ஓடாதது எனக்கு உடனே ஓடிவிட்டது. ஓடினதும் ராத்தூக்கம் போய்விட்டது.

உரத்தோடு உன் லொறி காட்டினது நாற்பத்து நாலு குதிரை. கொழுந்தோடும் அதே எஞ்சின்தான், அதே நாற்பத்து நாலுதான். அப்படியென்றால் கணக்கைத் திருப்பிப் போடு. நாற்பத்து நாலு குதிரை, நானூறு அடியை இருநூறு செக்கனில் ஏற வேண்டுமென்றால் மொத்த நிறை என்ன? ஐயாயிரத்து ஐந்நூறு கிலோ. லொறி மூவாயிரத்தைக் கழி. கொழுந்து இரண்டாயிரத்து ஐந்நூறு. உன் சிட்டையில் எழுதினது இரண்டாயிரம்.

ஒவ்வொரு நடைக்கும் ஐந்நூறு கிலோ சிட்டையில் இல்லாமல் உன் முதுகில் ஏறுகிறது. ஸ்ரீதரனுக்கு ஏறுவதில்லை. ஏனென்றால் அவன் ஏற்றுவது சிங்கள ஆட்களின் கொழுந்து. அவர்கள் சொந்தத் தராசோடு பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், அவர்களிடம் வெட்ட ஏலாது. உன் பொம்பளைகள் கொழுந்தை மடுவத்துத் தராசு மட்டும்தான் பார்க்கிறது. ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ காணாமல் போகிறது.

உன் லொறியில் ஒரு குறையும் இல்லை. பிரேமலதா தங்கச்சி கையிலும் குறை இல்லை. பதினாறு விழுந்த நாளெல்லாம் அது இருபது எடுத்திருக்கிறது. அதனிடம் சொல்.

மஹ்ரூப்

*

கீழ் டிவிசன்
1999 டிசம்பர் 5

மச்சான் மஹ்ரூப்,

ஜெயித்துவிட்டேன்!

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். அப்புறம் துரை பங்களாவுக்குப் போய், ஒரே ஒரு நாள் கொழுந்தை மாற்றித் தாங்க என்று கேட்டேன். அவன் கொழுந்தை நான் ஏற்றுகிறேன், என் கொழுந்தை அவன் ஏற்றட்டும், யார் லொறி நல்லது என்று நீங்களே பாருங்க என்றேன். தராசைப் பற்றி வாயே திறக்கவில்லை. துரைக்கும் அது விளையாட்டாகப் பட்டது. சரி என்றார்.

பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். சிங்கள ஆட்களின் கொழுந்தோடு நான் நூற்றெண்பது செக்கனில் ஏறிப் போய், ஸ்டோர் வாசலில் லொறியை நிறுத்தி, வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பார்த்திருந்தேன். ஸ்ரீதரன் கறுப்புப் புகையோடு முக்கி முனகி வந்தான். இருநூற்று மூன்று! இறங்கி வந்து, "அண்ணே, ஒங்க பொம்பளைங்க கொழுந்துக்குள்ள கல்லு வச்சிக் கட்டுறாங்களா?" என்று கேட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் இரண்டு வருஷ எரிச்சல் எனக்கு அப்படியே இறங்கிப் போயிற்று.

துரை படித்தவர். அவர் சிரிக்கவில்லை. சிட்டை இரண்டையும் வாங்கிப் பார்த்தார், லொறி இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் ஒப்பீசுக்குக் கூப்பிட்டு, "கன்னையா, உன் லொறி நல்ல லொறி. ஜனவரியிலேர்ந்து நீதான். வேற ஒண்ணும் பேசத் தேவையில்ல, சரியா?" என்றார். நான் சரி துரை என்றேன்.

பிரேமலதாவிடம் லொறி நமக்கே என்று சொன்னேன். "எங்க கொழுந்த ஏத்துனதும் அவன் லொறி ஏன் அப்படி மொனகிச்சு?" என்று கேட்டாள். லயத்தில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்களாம். அவனுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லி வைத்தேன்.

வேறு என்ன சொல்ல? சொன்னால் லொறி போகும். நீயே யோசித்துப் பார்.

கன்னையா

*

சார்ஜா
1999 டிசம்பர் 22

கன்னையா,

இங்கே வருகிற பொடியன்கள் கடதாசியைக் கசக்கி எறிகிறார்கள். நீ கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். உன்னைவிட அவர்கள் மேல்.

என்னைக் கள்ளன் என்று எழுதினாய், பொறுத்தேன். எது கள்ளத் தராசு என்று அளந்து தெரிந்த பிறகும் அதன் சுமையையே ஏற்றிக்கொண்டு ஓடப் போகிறாய். அந்தக் கூடையில் உன் பெண்சாதி கொழுந்தும் இருக்கிறது.

நான் இங்கிருந்து என் வீட்டை டெலிபோனில்தான் பார்க்கிறேன். பெண்சாதி களைத்துப் போய் வீட்டுக்கு வருவதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தவன் நீ. அதற்கு உன்மேல் எனக்கு எத்தனை பொறாமை என்று உனக்குத் தெரியாது. அப்படிக் கிடைத்தும் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறாய்.

சொல்லிவிட்டு எழுது. சொல்லாவிட்டால் எழுதாதே.

மஹ்ரூப்

*

கீழ் டிவிசன்
2000 பெப்ரவரி 13

மச்சான்,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி. மூன்று நாள் வைத்திருந்தேன். மாட்டுப் பொங்கலன்று சாயந்தரம் அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கோயில் ஏற்றம், செக்கன் கணக்கு, பேலியகொடை மெஷின், உர மூட்டை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ வெட்டுகிறார்கள் என்று சொன்னபோது அவள் திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். விறகைத் தள்ளி வைத்துக்கொண்டே, "இதுக்கா கொழும்பு வரைக்கும் போனீங்க?" என்றாள். உர மூட்டையைப் பற்றி மட்டும் திரும்ப ஒரு தரம் கேட்டாள்.

மறுநாள் அவளும் கூடக் கொழுந்தெடுக்கிற வெள்ளையம்மாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து உரக் காம்பராவிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மடுவத்துத் தராசில் வைத்துவிட்டார்கள். முள் நாற்பதில் நின்றது. மூட்டையில் ஐம்பது என்று எழுதியிருக்கிறது. தராசு பிடிக்கிற கணக்கப்பிள்ளை ஐயாவு, உரம் காய்ந்து போயிருக்கும் என்றானாம். இன்னொரு மூட்டையை வைத்தார்கள், அதுவும் நாற்பது. அன்றைக்கு முந்நூறு பேரும் கூடையை மடுவத்து வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு லயத்துக்கு வந்துவிட்டார்கள். ஆறு நாள் மலையில் ஒரு கை கொழுந்து பறிக்கவில்லை. யூனியன் தலைவர் வந்தார், கொழும்பிலிருந்து கம்பெனி ஆள் வந்தான். ஏழாம் நாள் புதுத் தராசு வந்தது. இப்போது ஐயாவு நிறுக்கும்போது பக்கத்தில் ஒரு பொம்பளை நிற்கிறாள்.

எட்டாம் நாள் ஒப்பீசிலிருந்து எனக்குத் துண்டு வந்தது. தோட்டத்துக்கு இனி என் லொறி தேவையில்லை. காரணம் எழுதவில்லை. எழுதவும் வேண்டியதில்லை. ஸ்ரீதரன்தான் இப்போது இரண்டு பக்கக் கொழுந்தும் ஏற்றுகிறான். நான் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி மண் ஏற்றப் போகிறேன், அதுவும் கிழமையில் மூன்று நாள். மிச்ச நாள் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் வயிறு பற்றி எரிகிறது. உன்னிடம் நல்லவன் வேஷம் போட்டு என்ன பிரயோசனம்? ஏன் சொன்னோம் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நினைக்கிறேன்.

முந்தாநாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பிரேமலதா மலையிலிருந்து வந்து சிட்டையை என் மடியில் வைத்தாள். இருபத்தொரு கிலோ. முழுப் பேர். இந்த மாதம் அவளுக்கு ஒரு நாள்கூட அரைப்பேர் விழவில்லை. நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸ்ரீதரன் லொறி ரோட்டில் போக, என் கண் அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"லொறி போச்சேன்னு அழுவுறீங்களா?" என்றாள். "பதினாலு வருஷமா நானும் இதே வாசல்ல ஒக்காந்து அழுதேன். அப்ப நீங்க டயருக்குக் காத்து அடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

சத்தம் போடவில்லை மச்சான். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மழைக்குப் போர்த்துகிற கொங்காணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல? உனக்குத் தெரிந்தால் எழுது.

கன்னையா